தண்டையார்பேட்டையில் ஒரு வேகன் ஆர்: ஆறு மாதக் கணக்கு

ஷோரூம் பக்கம் போவதற்கு ஒரு வாரம் முன்பே, என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்த நாடாவை எடுத்துக்கொண்டு, பால் வண்டி வருவதற்கு முன்னதாக எங்கள் தெருவை அளந்தேன். வட சென்னையில், தண்டையார்பேட்டையின் பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்பது மட்டுமல்லாமல் படிக்கட்டுகளும் தெருவுக்குள் இறங்கி வந்திருக்கும். மின்வாரியப் பெட்டிக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் இடையே உள்ள இடம்தான் எங்கள் தெருவிலேயே குறுகலானது. நாடா ஒன்றரை மீட்டர்தான் என்பதால் இரண்டு தடவை பிடிக்க வேண்டியிருந்தது. 2 மீட்டர் 5 சென்டிமீட்டர் வந்தது. அந்த இடைவெளிக்குள் போய்த் திரும்பும் வண்டிதான் என் வண்டி என்று அன்றே தீர்மானித்துவிட்டதால், பாதிக் கார்கள் விலை பார்க்காமலேயே கழிந்துபோயின. மாருதி கார்களில் ஆல்டோ கே10-இன் அகலம் 1,490 மில்லிமீட்டர், வேகன் ஆரின் அகலம் 1,620, செலேரியோ 1,655; டாடா டியாகோ 1,677, ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் 1,680. இவை பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவுகள் என்பதை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்வதில்லை. கண்ணாடிகளை மடக்கினால் எல்லாமே நுழையும். ஆனால் தினமும் மடக்கி, இறங்கிப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவதற்கா ஆறு லட்சம் ரூபாய் கொடுப்பது?

எங்கள் வீட்டுத் தேவையைச் சொல்லாமல் வண்டியைப் பற்றிச் சொல்வதில் பயனில்லை. எனக்கு மணலியில் வேலை; போகவர கம்பெனிப் பேருந்து உண்டு. கார் வேண்டியிருந்தது அம்மாவுக்காகத்தான். எழுபத்து நான்கு வயதில் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோனவரை, வாரம் இரண்டு நாள் பழைய வண்ணாரப்பேட்டைக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும், மாதம் ஒரு முறை ஸ்டான்லி மருத்துவமனைக்கும் அழைத்துப் போக வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மீஞ்சூரில் உள்ள தங்கை வீடு. எம்.சி. ரோட்டில் துணி எடுப்பது, காசிமேட்டில் மீன் வாங்குவது, ஆடி மாதத்தில் பெரியபாளையம், ஆண்டுக்கு ஒரு முறை திருப்பதி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டியபோது மாதத்துக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வந்தது. மைலேஜ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இந்த எண்ணைத்தான் ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஏனென்றால் மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குச் சிக்கனமான கார் வேறு, 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குச் சிக்கனமான கார் வேறு.

முதலில் மனதில் இருந்தது ஆல்டோ கே10. விலையில் அதனோடு போட்டியிடக்கூடியவை மிகக் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்த பிறகு, அதன் தொடக்க எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரியும் காப்பீடும் சேராதது) 3 லட்சத்து 70 ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. எஞ்சின் 998 சிசி. கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 24.39 கிலோமீட்டர், டயர் 13 அங்குலம் என்பதால் மாற்றுவதற்கும் செலவு குறைவு. தெருவுக்குள் நுழைவதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் அழைத்துப் போனது நல்லதாயிற்று. ஆல்டோவின் உயரம் 1,520 மில்லிமீட்டர். அந்த இருக்கையில் அமர்வதென்றால் ஏறத்தாழத் தரையை நோக்கிக் குனிந்து இறங்க வேண்டும். அம்மா உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கும்போது என் தோளையும் கதவையும் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் வேறு எதுவும் பேசத் தேவையில்லாமல் போயிற்று. வேகன் ஆரின் உயரம் 1,675. அதில் ஏறுவதோ இறங்குவதோ கிடையாது. நாற்காலியில் உட்காருவதுபோல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கால்களை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு வசதி, பட்டியலில் உள்ள திரைகள், கேமராக்கள் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செலேரியோவில் வேகன் ஆரில் உள்ள அதே 998 சிசி எஞ்சின்தான். கம்பெனிக் கணக்கில் மைலேஜும் சற்று அதிகம். ஆனால் உயரம் குறைவு. ரெனோ க்விட் நம் ஒரகடத்தில் தயாராகும் வண்டி. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 184 மில்லிமீட்டர் இருப்பதால் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஏற்றது. அதுவும் உயரத்தில்தான் தோற்றது. நியோஸின் நான்கு சிலிண்டர் எஞ்சின் மென்மையாக ஓடும் என்பதில் ஐயமில்லை, ஆனால் அது 1,197 சிசி; காப்பீட்டில் அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன். ஊர்ப் பாசத்தால் கார் வாங்குவதென்றால் எண்ணூர்க்காரர்களுக்குத்தான் முதல் உரிமை. 1949-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் இன்றைய அசோக் லேலண்ட் அங்கே ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி அனுப்பியது. இன்று அந்த வாசலிலிருந்து வருபவை லாரிகளும் பேருந்துகளும்தான்.

மின்சாரக் கார்களைப் பார்க்காமல் இல்லை. எம்ஜி காமெட்டின் அகலம் 1,505 மில்லிமீட்டர். நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு. எங்கள் தெருவுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. டியாகோ மின்சாரக் காரும் ஓட்டுவதற்கு அருமை. சிக்கல் வண்டியில் இல்லை, எங்கள் வீட்டில் இருக்கிறது. வீட்டுக்குள் கார் நிறுத்த இடமில்லாததால், இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் மாதம் 1,500 ரூபாய் வாடகைக்கு நிறுத்துகிறோம். அங்கே மின் இணைப்பு கிடையாது. வீட்டில் சொந்த நிறுத்துமிடமும் தனிப் பிளக்கும் உள்ளவர்களுக்கு ஓட்டும் செலவில் மின்சாரக் காரை எந்தப் பெட்ரோல் காரும் வெல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஆனால் அவர்களும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படும் வீட்டு மின் கட்டணம் அடுத்த படிக்கு ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

டியாகோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2020 ஜனவரியில் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனையில் டியாகோவுக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் கிடைத்தது. 2023-இல் அதே அமைப்பு வேகன் ஆரைச் சோதித்தபோது கிடைத்தது ஒரு நட்சத்திரம். வண்டியின் உடற்கூடு உறுதியற்றது என்றும் குறித்தார்கள். அதற்குப் பிறகு 2025-இல் வேகன் ஆரின் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக்குகள் வந்துவிட்டன. ஆனால் ஏர்பேக்கின் எண்ணிக்கை கூடியதால் கூடு உறுதியாகிவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மகள் இந்தச் சோதனையின் காணொளியைக் காட்டி, “அப்பா, டிரெய்லர் ஓடுற ரோட்டுல இதையா ஓட்டப் போறீங்க?” என்று கேட்டாள். நாங்கள் ஓட்டும் சாலைகளில் வேகம் முப்பதைத் தாண்டுவது அரிது என்று பதில் சொன்னேன். அது அரைகுறைப் பதில்தான் என்பது எனக்கே தெரியும். நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்பவர்கள், வாரந்தோறும் பெங்களூரு போய் வருபவர்கள் இந்த இடத்திலேயே என் மதிப்புரையை விட்டுவிட்டு டியாகோவைப் பார்க்கலாம். நான் அம்மாவின் முழங்காலையும் தெருவின் அகலத்தையும் முன்னிட்டுச் சமரசம் செய்துகொண்டேன். திருப்பதி போகும்போது 80-க்கு மேல் ஓட்டுவதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி பெட்ரோலா கேஸா என்பது. கார் வாங்கப் போகிறேன் என்று சொன்ன ஒவ்வொருவரும் “கேஸ் வண்டி எடுங்க, காசு மிச்சம்” என்றுதான் சொன்னார்கள். கேஸில், அதாவது சிஎன்ஜியில் ஓடும் வேகன் ஆருக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் கிலோவுக்கு 34.05 கிலோமீட்டர், பெட்ரோலுக்கு லிட்டருக்கு 24.35. இரண்டும் சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுத்த எண்கள். அங்கே கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் கிடையாது. எங்கள் பகுதியில் வேகன் ஆர் வைத்திருக்கும் நான்கைந்து பேரிடம் விசாரித்து, பெட்ரோலுக்கு 16, கேஸுக்கு 24 என்று வைத்துக்கொண்டேன். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், கேஸ் கிலோ 90 ரூபாய் என்று கொண்டால், கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6 ரூபாய் 31 காசு, கேஸில் 3 ரூபாய் 75 காசு. மிச்சம் 2 ரூபாய் 56 காசு. மாதம் 600 கிலோமீட்டருக்கு 1,536 ரூபாய் மிச்சமாகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே வகையில் கேஸ் வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் விலை வித்தியாசம் ஏறத்தாழ 90,000 ரூபாய். அதற்கான சாலை வரியையும் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. கொடுத்த பணத்தை மிச்சப்படுத்தி எடுக்கவே ஐந்தரை ஆண்டுகள் ஆகும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவர் அதே பணத்தை இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் எடுத்துவிடுவார். எங்கள் தெரு முனையில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் இந்தக் கணக்கு எதுவும் போடாமலேயே ஒரே வரியில் சொன்னார்: “ஓட்றவனுக்குத்தான் சார் கேஸு. நிக்க வச்சுக்கினு இருக்குறவனுக்கு அது வெறும் வெயிட்டு.”

பணக் கணக்கில் சேராத இரண்டு விஷயங்களும் கேஸுக்கு எதிராக நின்றன. வேகன் ஆரின் டிக்கி 341 லிட்டர். இந்த அளவுக் காருக்கு அது தாராளம். கேஸ் வண்டியில் அந்த இடத்தைச் சிலிண்டர் எடுத்துக்கொள்கிறது. அம்மாவின் மடக்கு நடைச்சட்டமும், வெளியூர் போகும்போது மடக்கு சக்கர நாற்காலியும் டிக்கியில்தான் போக வேண்டும். இன்னொன்று, கேஸ் நிரப்பும் பங்க்குகளின் வரிசை. ஆட்டோக்களுக்கும் கால் டாக்சிகளுக்கும் பின்னால் நின்று நேரம் செலவழிப்பது, அதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்குச் சரி; இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிரப்புகிறவருக்கு அது சலிப்பு. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதையும் ஷோரூமில் கேட்டால்தான் சொல்வார்கள். ஆகவே பெட்ரோல் என்று முடிவாயிற்று. மணலியில் 1969 முதல் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கிறார்கள். காற்று திரும்பினால் அந்த வாசனை எங்கள் மாடி வரை வருகிறது. விலையில் மட்டும் எங்களுக்கு ஒரு பைசா தள்ளுபடி கிடையாது.

பழைய கார் வாங்கலாமே என்று மைத்துனர் சொன்னார். சிக்கனம் என்று பார்த்தால் அதுதான் உண்மையான சிக்கனம், ஏனென்றால் புதுக் காரின் முதல் மூன்று ஆண்டு விலைச் சரிவை வேறொருவர் தாங்கியிருப்பார். இரண்டு வண்டிகளைப் பார்த்தோம். முதல் வண்டியில் முன் இருக்கையின் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தபோது, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு படிந்திருந்தது. இருக்கை நகரும் இரும்புத் தண்டவாளத்தில் துரு. தரை விரிப்பைத் தூக்கினால் மண் வாடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் நீரில் நின்ற கார்களில் எத்தனை, கழுவித் துடைத்து மீண்டும் விற்பனைக்கு வந்தன என்பது வாங்கியவர்களுக்குத்தான் வெளிச்சம். இரண்டாவது வண்டி நல்ல வண்டி, ஆனால் ஜிஎஸ்டி குறைந்த பிறகு புது வண்டிக்கும் அதற்கும் விலையில் பெரிய இடைவெளி இல்லை. பழைய கார் பார்க்கிறவர்கள் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதை மட்டும் மறக்க வேண்டாம். கழுவுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் இடம் அதுதான்.

வாங்கியது 2025 ஆயுத பூஜையை ஒட்டி, வேகன் ஆர் 1.0 விஎக்ஸ்ஐ, கியர் வண்டி. எக்ஸ்-ஷோரூம் விலை ஐந்தரை லட்சத்தை ஒட்டியது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கான வாழ்நாள் வரி 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13 விழுக்காடு. எனவே எல்எக்ஸ்ஐ என்ற அடிப்படை வகையை எடுத்திருந்தால் வரியிலும் ஒரு படி குறைந்திருக்கும். ஆனால் அதில் பின் கதவுக் கண்ணாடிகளைக் கையால் சுற்ற வேண்டும், பாட்டுப் பெட்டி கிடையாது. பாட்டுப் பெட்டியை வெளியே மலிவாகப் போட்டுக்கொள்ளலாம். பின்னால் உட்காரும் அம்மா கண்ணாடியைச் சுற்ற முடியாது.

காப்பீட்டில்தான் 998 சிசியின் பயன் தெரிந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் அமலுக்கு வந்த விகிதத்தின்படி, 1,000 சிசி வரை உள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதைத் தாண்டி 1,500 சிசி வரை 3,416 ரூபாய். புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும் என்பதால் 6,521 ரூபாய்க்கும் 10,640 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் வாங்கும் நாளிலேயே கையைக் கடிக்கும். 1.2 எஞ்சின் வேகன் ஆரும், நியோஸும், டியாகோவும் இந்த இரண்டாவது படியில்தான் வருகின்றன. இருநூறு சிசிக்காக ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கட்டுவது, மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் என்னைப் போன்றவருக்குத் தேவையற்றது.

வாங்கிய இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. விலைப்பட்டியலில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தது. என்ன கையாண்டீர்கள் என்று கேட்டேன், புன்னகைத்தார்கள், மறுநாள் பட்டியலில் அது இல்லை. அடுத்ததாக, இருக்கை உறை, தரை விரிப்பு, பம்பர் மூலைப் பட்டை என்று ஒரு தொகுப்பு. அவசியமானதை எங்கள் பகுதிக் கடையிலேயே பாதி விலைக்குப் போட்டுக்கொண்டேன். காப்பீட்டையும் தங்களிடமே எடுக்க வேண்டும் என்றார்கள். வெளியே எடுத்த மதிப்பீட்டை மேசையில் வைத்ததும் அவர்களுடைய தொகையும் அதற்குச் சமமாக இறங்கியது. எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை என்று முதல் நாள் சொன்னதற்கும் நான் கட்டியதற்கும் இடையே 19,000 ரூபாய் வித்தியாசம். மைலேஜைத் துருவித் துருவிக் கேட்பவர்கள், மூன்று ஆண்டுப் பெட்ரோலில் மிச்சமாகும் தொகையை இந்த மேசையிலேயே விட்டுவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஓட்டம். ஆறு மாதத்தில் 3,700 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மைலேஜை அளக்க டேஷ்போர்டில் தெரியும் எண்ணை நான் நம்புவதில்லை. ஒரே பங்க்கில், ஒரே பம்பில், தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த முறை நிரம்பிய லிட்டரால் வகுக்கிறேன். முதல் 500 கிலோமீட்டரில் 14.6 வந்தது; மனம் சோர்ந்துவிட்டேன். பிறகு மெல்ல ஏறி, ஊருக்குள் 15.5-க்கும் 16.5-க்கும் இடையில் நிற்கிறது. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, புத்தூர் வழியாகத் திருப்பதி போய்த் திரும்பியபோது நான்கு பேரும் ஏசியும் இருந்தும் 21.8 கிடைத்தது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கான எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே எந்தக் காராக இருந்தாலும் பழைய நாளின் மைலேஜை இன்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. மாதம் 600 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு சராசரியாக 3,800 ரூபாயை ஒட்டி வருகிறது.

ஊருக்குள் மைலேஜ் இப்படி விழுவதற்குக் காரணம் எஞ்சின் அன்று, எங்கள் சாலைகள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் ஒரு வரிசையில் நின்றால், மற்ற வரிசையில் நகர்வதும் நிற்பதுமாகவே நேரம் போகும். ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயிலும் அதன் பின்னால் ஒரு புறநகர் ரயிலும் போகும் வரை நின்றால் எரிபொருள் சும்மா எரிகிறது. நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைத்து, கிளட்சை மிதித்ததும் மீண்டும் எழுப்பும் வசதி இந்த வண்டியில் இருக்கிறது. பலர் அது எரிச்சல் என்று பொத்தானை அழுத்தி நிறுத்தி வைக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. சித்திரை வெயிலில் ஏசி கேட்கும்போது அது வேலை செய்யாது. மார்கழியில்தான் அதன் பயன் முழுமையாகத் தெரியும்.

எஞ்சினின் வலு 67 குதிரைத்திறன். வண்டியின் எடை 800 கிலோவைச் சற்றே தாண்டும். மூன்று சிலிண்டர் என்பதால் நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு மெல்லிய துடிப்பு தெரியும். ஓடத் தொடங்கியதும் மறைந்துவிடும். மூன்று பேர் வரை போகும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து பேரும் ஏசியும் சேர்ந்து மேம்பாலம் ஏறினால் இரண்டாம் கியருக்கு வர வேண்டியிருக்கும். உயரமான வண்டி என்பதால், திறந்த வெளியில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடிப்பது நல்லது. திரும்பும் வட்டம் சிறியது. மின்வாரியப் பெட்டிக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் இடையில் கண்ணாடியை மடக்காமலேயே போய்வருகிறேன்.

கியர் வண்டி எடுத்ததுதான் நான் செய்த தவறு. ஏஜிஎஸ் என்ற தானியங்கிக் கியர் வகைக்கு ஏறத்தாழ 45,000 ரூபாய் கூடுதல் என்பதால், அதில் மைலேஜ் குறையாது என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். கம்பெனிக் கணக்கில் அதற்கு 25.19; கியர் வண்டியைவிட அதிகம்தான். மூலக்கடை சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு ஒரு முறை மாட்டிக்கொண்டு, இருபது நிமிடத்தில் கிளட்சை எத்தனை தடவை மிதித்தேன் என்று எண்ணத் தொடங்கி, எழுபதில் எண்ணுவதை விட்டேன். அம்மாவின் முழங்காலுக்காக வண்டி பார்த்தவன் என் முழங்காலை மறந்துவிட்டேன். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் வட சென்னையில் ஓட்டுவதற்கென்று வாங்கினால், அந்த 45,000 ரூபாயைச் செலவு என்று நினைக்க வேண்டாம்.

பராமரிப்பில் இதுவரை பெரிதாக எதுவும் இல்லை. 1,000, 5,000, 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது இலவச சர்வீஸ்; இலவசம் என்பது கூலிக்குத்தான், ஆயிலுக்கும் பில்டருக்கும் பணம் உண்டு. வேகன் ஆர் 1999 டிசம்பரிலிருந்து இந்தியச் சாலைகளில் ஓடுகிறது. உதிரிப் பாகம் கிடைக்காத கடையோ, கை வைக்கத் தெரியாத மெக்கானிக்கோ எங்கள் பகுதியில் இல்லை. இது விளம்பரத்தில் வராத சிக்கனம். கடல் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருப்பதால் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்தேன். அதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம், காசிமேட்டில் நிற்கும் மீன் வண்டிகளின் சேஸிஸைக் குனிந்து பார்த்தால் காரணம் புரியும். ஆறு மாதத்தில் மூன்று பஞ்சர்; எல்லாம் பழைய இரும்பு ஏற்றிச் செல்லும் லாரிகள் உதிர்த்த துண்டுகள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

மீதமிருப்பது மழைக்காலம், வண்டி வந்த முதல் ஆண்டிலேயே அதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. இந்த வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 165 மில்லிமீட்டர்தான். சுரங்கப்பாதைகளில் நீர் நிற்கும் நாளில் வியாசர்பாடிப் பக்கம் போவதே இல்லை. சாதாரண முழுக் காப்பீட்டில், நீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கூடுதலாகக் கட்டினேன். ஷோரூம்காரர்கள் நீக்கிவிடப் பார்த்த பிரிவும் அதுவே. காலி மனை தாழ்வான இடம் என்பதால், கனமழை எச்சரிக்கை வந்தால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சற்று மேடாக உள்ள நண்பரின் மரக்கடை வாசலில் வண்டியை விட்டுவருவதென்று பேசி வைத்திருக்கிறேன். நீர் ஏறிவிட்டால் சாவியைத் திருப்பக் கூடாது, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் கட்டி இழுத்துச் செல்லும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும் என்று தாளில் எழுதி, மகள் ஓட்டும் நாட்களுக்காகக் கண்ணாடிக்கு மேலே உள்ள மடிப்பில் செருகி வைத்திருக்கிறேன்.